அப்புவின் இரும்புத் தொப்பி

எங்கள் வீட்டுக் கோழிகள் பல ஆண்டுகளாகத் தண்ணீர் குடித்துவந்த பாத்திரம் ஒரு யுத்தகாலத் தலைக்கவசம் என்பதை நான் அறிந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். அதுவரை அது எனக்கு ஒரு சட்டிதான். விளிம்பு அகன்று, நடு குழிந்து, கிணற்றடி வாழைகளுக்கு அருகே எந்நேரமும் பாசி படிந்து கிடக்கும். ஒருநாள் கோழிகளைக் கலைத்துவிட்டு அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்தேன். அப்போதுதான் ஆச்சி சொன்னார்: "அது கோழிச்சட்டி இல்லையடா தம்பி. உன்ரை அப்புவின்ரை இரும்புத் தொப்பி."

நிமிர்த்து வைத்தால் சட்டி, கவிழ்த்து வைத்தால் தொப்பி. அதன் விளிம்போரத்தில் மூன்று சிறு துளைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் கயிறு கோத்து மழைக்காலத்தில் ஆச்சி அதைத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார். துளைகள் அதற்காகவே இடப்பட்டவை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அப்பு கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இலிகிதராக இருந்தவர். வெள்ளவத்தையில் நண்பர் சிலருடன் ஓர் அறையில் தங்கியிருந்தார். ஆச்சி ஊரில் இருந்தார். யப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த 1942 ஆம் ஆண்டிலே, அடுத்தது இலங்கைதான் என்ற பயம் எங்கும் பரவியிருந்தது. சிவில் பாதுகாப்பு ஆணையாளராக ஒலிவர் குணதிலக பொறுப்பேற்றிருந்த அக்காலத்தில், வான்தாக்குதல் பாதுகாப்புச் சேவைக்கு ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். ஏ.ஆர்.பி. என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். அப்புவும் சேர்ந்தார். ஒரு கைப்பட்டி, ஓர் ஊதுகுழல், இந்தத் தொப்பி ஆகியன கொடுத்தார்களாம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. நான்கு நாட்களின் பின்னர் திருகோணமலையிலும் விழுந்தன. அந்த நாட்களைப்பற்றி அப்பு ஆச்சிக்குச் சொன்னதெல்லாம் ஒரேயொரு செய்திதான்: குண்டு விழுந்ததைவிடச் சனம் ஓடியதே பெரிது என்பது. நகரத்தை விட்டுப் புறப்பட்ட கூட்டத்தைப் புகையிரத நிலையத்தில் வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை அவருக்கு. தானும் ஒரு வண்டியில் ஏறி ஊருக்கு வந்திருக்கலாம், வரவில்லை. "தொப்பியைத் தந்திட்டாங்கள், பிறகு எப்படி வாறது?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது ஆச்சியின் குரலில் பெருமையும் கோபமும் சரிபாதியாக இருக்கும்.

1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. எதை எடுப்பது, எதை விடுவது என்று வீட்டில் எல்லோரும் தடுமாறிக்கொண்டிருக்க, ஆச்சி மட்டும் மண்வெட்டியுடன் கிணற்றடிக்குப் போனார். ஓர் இரும்புத் தொப்பி வீட்டில் இருப்பது எந்தப் பக்கத்தாருக்கும் விளக்கிச் சொல்லக்கூடிய காரியமன்று. கோழிச்சட்டி என்று சொன்னால் யார் நம்புவார்? வாழையடியில் குழி தோண்டி அதைக் கவிழ்த்துப் புதைத்தார். பிறகு றங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பழைய துணிப் பொட்டலத்தை எடுத்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். என்னவென்று கேட்டேன். தொப்பியின் உட்புறத்தில் இருந்த தோற்பட்டியாம். அதைக் கழற்றிய பின்புதான் இரும்பைக் கோழிகளுக்குக் கொடுத்திருந்தார்.

"இரும்பு கிடந்தாலும் கிடக்கும். உது மக்கிப் போயிடும்," என்றார்.

1996 இல் திரும்பிவந்து தோண்டியபோது இரும்பு கிடந்தது. ஆனால் செந்நிறத் துரு அதை முழுவதும் மூடியிருந்தது. அன்று நான் செய்த காரியத்தை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். மண்ணெண்ணெயும் மணற்கடதாசியும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் தேய்த்தேன். மாலையில் அது புதுச் சட்டிபோலப் பளபளத்தது. ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை வாங்கி முன்புறத்தைத் தடவிப் பார்த்தார். "இதிலை வெள்ளையாய், பல்லுப் பல்லாய் ஒரு எழுத்து இருந்ததெல்லோ?" என்று கேட்டார். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன எழுத்து என்று எனக்கும் தெரியாது. துருவோடு துருவாக அதையும் நான் தேய்த்துத் தள்ளிவிட்டேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பிற்காலத்தில் நான் வரலாறு கற்பிக்கும் ஆசிரியனானேன். முதலாம் உலக யுத்தம் பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவன் எழுந்து, "சேர், தொப்பி போட்டால் துவக்குச் சூடு படாதோ?" என்று வினவினான். படும் என்று சொல்லி இருத்திவிட்டேன். ஆனால் அப்படியானால் எதற்காக அணிந்தார்கள் என்று அவன் அடுத்துக் கேட்டிருந்தால் என்னிடம் விடையிருந்திராது. அந்த வெட்கத்தோடு தேடத் தொடங்கிய விடயமே இது.

நம்புவதற்குச் சிரமமான செய்தி ஒன்று உண்டு. 1914 இல் ஐரோப்பாவின் பெருஞ்சேனைகள் ஒன்றுடனொன்று மோதியபோது, சாதாரணப் போர்வீரனுக்கு இரும்புத் தலைக்கவசம் இருக்கவில்லை. பிரெஞ்சு வீரனுக்குத் துணித்தொப்பி. பிரித்தானிய வீரனுக்கும் துணித்தொப்பி. ஜேர்மானியனுக்கு உச்சியில் கூர்முனை வைத்த, பதப்படுத்திய தோலாலான தொப்பி. கண்ணுக்கு அழகு, வேறு பயன் சொற்பம். துவக்கு வந்த பின்னர் கவசம் வீண் என்று இரும்பைக் கைவிட்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் பதுங்குகுழிகளில் இருந்தவர்களின் தலையைப் பிளந்தது பெரும்பாலும் துவக்குச் சன்னம் அன்று. வானில் வெடித்து ஈயக் குண்டுகளை மழைபோலக் கொட்டும் பீரங்கி வெடிகளும், நாற்புறமும் சிதறும் உருக்குத் துண்டுகளுமே. குழிக்குள் நிற்பவனின் உடலை மண் காக்கும். தலையைக் காக்க எதுவுமில்லை. மேலிருந்து விழும் சிறு துண்டைத் தடுக்க மெல்லிய தகடே போதும். இதை முதலில் கண்டு செயற்படுத்தியவர் பிரெஞ்சுச் சேனையின் விநியோகப் பகுதி அதிகாரியான ஓகுஸ்த் லூயி அத்ரியான். காயமுற்ற ஒரு வீரன் தன் உணவுக் கிண்ணத்தைத் தொப்பிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்ததால் உயிர் தப்பினான் என்று கேட்டதே அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. எங்கள் கோழிச்சட்டியின் கதை தலைகீழாக! 1915 இன் தொடக்கத்தில் தொப்பிக்கு உள்ளே அணியும் இரும்புக் கிண்ணங்களைச் செய்வித்தார். அதே ஆண்டில் முழுமையான தலைக்கவசம் வந்தது. தகட்டின் தடிப்பு வெறும் 0.7 மில்லிமீற்றர், உச்சியில் சேவற்கொண்டைபோல ஒரு முகடு.

பிரித்தானியாவில் ஜோன் லியோபோல்ட் புறோடி என்பவர் 1915 ஓகஸ்டில் தமது வடிவத்துக்கு உரிமைப்பத்திரம் கோரினார். அத்ரியானின் கவசம் பல துண்டுகளை இணைத்தது. புறோடியினுடையதோ ஒரே தகட்டை அழுத்திச் செய்த அகன்ற விளிம்புத் தொப்பி. விரைவிலும் மலிவாகவும் செய்யலாம். மேலிருந்து விழுவதைக் குடைபோல் தடுக்கும். சேர் றொபேட் ஹட்பீல்ட் ஆலோசனைப்படி மங்கனீசு கலந்த கடினமான உருக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அதன் வலிமை கூடியது. குறைகளும் இருந்தன. ஜெனரல் பிளமர் அதைப் பார்த்துவிட்டு, ஆழம் போதாது, ஒளி பட்டு மினுங்குகிறது, விளிம்பு கூர்மையாக இருக்கிறது, உள்ளுறை வழுக்குகிறது என்று அடுக்கடுக்காகக் குறை கூறினார். அதன் பின்னரே விளிம்பை மடித்துவிட்டார்கள். மினுக்கம் தெரியாத மங்கல் வர்ணமும் பூசினார்கள்.

ஆரம்பத்தில் அத்தொப்பிகள் தொகை போதாமையால் ஆளுக்கொன்று கிடைக்கவில்லை. முன்வரிசைக் குழியின் பொதுச்சொத்தாக அவை கிடந்தன. காவல் முடித்துப் போகிறவன் கழற்றி வைப்பான். வருகிறவன் எடுத்து அணிவான். 1916 கோடையளவிலேதான் முதல் பத்து இலட்சம் செய்து முடிந்தது. ஒரு தொப்பிக்குள் எத்தனை பேருடைய வியர்வை ஊறியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஜேர்மானியர் சற்றுத் தாமதித்தாலும் ஆராய்ந்து செய்தார்கள். ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பிரீட்றிக் ஷ்வேட் வடிவமைத்தார். அவருக்குத் துணையாகத் தலைக்காயங்களை நேரிற் கண்ட சத்திர சிகிச்சை நிபுணர் ஓகுஸ்ற் பீயர் இருந்தார். நெற்றி, காது, பிடரி ஆகிய மூன்றையும் இறங்கி மூடும் அந்த வடிவம் 1916 இல் வெர்டன் போர்க்களத்தில் தோன்றியது. பதினைந்தாம் நூற்றாண்டுக் கவசக்காரர்களின் வேலையை அதிற் காணலாம். புறோடியின் தொப்பிக்கும் மத்தியகாலக் காலாட்படையின் அகன்ற விளிம்பு இரும்புத் தொப்பியே மூதாதை. நியூயோர்க் மெற்றொபொலிற்றன் அருங்காட்சியகத்தில் ஆயுதப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த பாஷ்போட் டீன் என்பவரை அமெரிக்கச் சேனை அழைத்து, பழைய கவசங்களைப் பார்த்துப் புதியவற்றை வரையச் சொன்னதும் இக்காரணத்தாலேயே. மனிதர் அடிப்படையில் மீன்களை ஆராய்ந்த விலங்கியலாளர்! அவர் வரைந்த மாதிரிகள் அந்த யுத்தத்திற் படைக்குப் போய்ச் சேரவில்லை. ஆயினும் 1920 இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று.

நான் நூல்களிற் படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு 2018 இல் கிடைத்தது. என் மனைவியின் தம்பி ஒருவர் கனடாவில் இருக்கிறார். பகலில் பேருந்து ஓட்டுகிறார். மிகுதி நேரத்தில் தலைக்கவசம் சேகரிக்கிறார். பள்ளி விடுமுறையில் நாங்கள் போயிருந்தபோது, நிலக்கீழ் அறைக்கு அழைத்துச் சென்று விளக்கைப் போட்டார். சுவர் நீளத்துக்குத் தட்டுகள். தட்டு நிறையத் தலைகளற்ற தொப்பிகள். ஒரு கணம் மனம் என்னவோ போலாயிற்று.

அத்ரியானின் கவசத்தை எடுத்துக் கையில் தந்தார். இவ்வளவு பாரமற்றதா என்று வியந்தேன். ஜேர்மன் கவசம் கையைக் கீழே இழுத்தது. நான் வெளிப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் புரட்டி உட்புறத்தையே பார்த்தார். "அத்தான், வெளியிலை எவரும் வர்ணம் பூசலாம். உள்ளுக்குத்தான் உண்மை இருக்கு," என்றார். சேகரிப்போருக்கு அதுவே முதற்பாடமாம். ஜேர்மன் தொப்பிகளின் பக்கத்தில் இருந்த படைச்சின்னங்களுக்கு மதிப்பு அதிகம். ஆகையால் சாதாரணத் தொப்பியில் அவற்றைப் புதிதாக ஒட்டிப் பழசாக்கி விற்போரும் அநேகர். உள்ளுறையின் தோலும், தையலும், வியர்வைக் கறையும் அவ்வளவு எளிதிற் பொய் சொல்வதில்லை.

உண்மையில் தலையைக் காப்பதும் அந்த உட்புறந்தான் என்பதை அன்றே விளங்கிக்கொண்டேன். உருக்கு நேரே மண்டையில் அமர்ந்திருந்தால், துண்டு துளைக்காவிட்டாலும் அடி மண்டையை உடைக்கும். உருக்குக்கும் தலைக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைக் காப்பதே உள்ளுறையின் தொழில். ஜேர்மானியர் குதிரைமயிர் அடைத்த மூன்று தோல் மெத்தைகளை வைத்தார்கள். 1941 இல் அமெரிக்கர் கொண்டுவந்த எம்-1 கவசத்தில் உள்ளுறை தனியே கழன்று வரும் இன்னொரு தொப்பியாகவே அமைந்தது; அதன் உட்பட்டிகளின் அமைப்பு, அந்நாட்டுக் காற்பந்தாட்டக்காரரின் தலைக்கவசத்திலிருந்து வந்தது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு இரும்பில் முகம் கழுவினார்கள், சவரம் செய்தார்கள், சமைத்தும் பார்த்தார்கள். இரண்டாம் யுத்தத்தில் இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்டதால் இன்றும் கிடைக்கிறது. அதன் விளிம்புப்பட்டியின் பொருத்து முன்னால் இருந்தால் 1944 இன் பிற்பகுதிக்கு முந்தியது, பின்னால் இருந்தால் பிந்தியது என்று மைத்துனர் விரலால் தடவியே சொன்னார். வீரர்கள் தம் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் படை இலக்கத்தின் கடைசி நான்கு இலக்கங்களையும் உள்ளே எழுதிவைப்பது வழக்கமாம். அவ்வாறான ஒன்றைக் காட்டினார். அந்த நான்கு இலக்கங்களுக்கு உரியவன் வீடு திரும்பினானா என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். அந்தப் பதிலுக்குப் பின்னர், தட்டு நிறைந்த அந்த அறை எனக்கு முன்போலத் தோன்றவில்லை.

1980களில் அமெரிக்கர் உருக்கையே கைவிட்டுக் கெவ்லார் என்ற செயற்கை நாரினால் கவசம் செய்தனர். ஏனைய சேனைகளும் அவ்வழியே போயின. துண்டுகளைத் தடுப்பதில் இன்றைய கவசங்கள் பழையவற்றை எங்கோ பின்னால் விட்டுவிட்டன. இருந்தும் ஒரு வேடிக்கை. 2020 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் பழைய கவசங்கள் மூன்றையும் இன்றைய ஒன்றையும் பொய்த்தலைகளில் மாட்டி, மேலிருந்து வெடியதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சியலையைத் தடுப்பதில், உச்சந்தலையைப் பொறுத்தவரை முந்திநின்றது 1915 ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கவசம். அந்தச் சேவற்கொண்டை முகடே காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

அன்றிரவு சாப்பிட்ட பின்னர், கைத்தொலைபேசியில் வைத்திருந்த அப்புவின் தொப்பியின் படத்தை மைத்துனருக்குக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "புறோடி வடிவந்தான். 1938க்குப் பிந்திய இரண்டாம் வகை. உள்ளுறை எங்கை அத்தான்?" என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். முகம் மலர்ந்தது. பிறகு, "முன்னாலே எழுத்து ஒன்றும் இல்லையோ?" என்று கேட்டார். நான் மணற்கடதாசிக் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். பிரித்தானியாவில் ஏ.ஆர்.பி. காவலர்களுக்கு வார்டன் என்பதன் முதலெழுத்தாகிய டபிள்யூவை எழுதினார்கள் என்றார். ஆச்சி சொன்ன பல்லுப் பல்லான எழுத்து அதுவேதான். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, நான் அழித்தது இன்னதென்று அன்று அறிந்தேன்.

பின்னர் விளிம்பின் மூன்று துளைகளைச் சுட்டி, "இது என்ன தெரியுமோ?" என்றார். தொங்கவிடுவதற்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. யுத்தகாலத்தில், சேனைக்குரிய சோதனையில் தேறாத தொப்பிகளைப் பிரித்தானியர் எறிந்துவிடவில்லை. முன்னரங்கில் நிற்பவனுக்குத் தவறியும் போய்விடாதபடி விளிம்பிலே துளையிட்டு, சிவில் பாதுகாப்புக்கு அனுப்பினார்கள். துளை உள்ளது தரம் குறைந்த உருக்கு என்பதற்கு அடையாளம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

நான் நெடுநேரம் பேசாதிருந்தேன். வந்த கோபம் சிறுபிள்ளைத்தனமானது என்று எனக்கே தெரியும். உருக்குத் தட்டுப்பாடான காலம்; ஒரு துண்டும் இல்லாமல் நிற்பதைவிட இரண்டாந்தரமாவது நல்லது; முன்னரங்கில் நிற்பவனுக்கு முதலிடம் கொடுப்பதில் பிழை காண முடியாது. மாணவர்களுக்கு நான் இப்படியே சொல்வேன். ஆனால் புகையிரத நிலையத்தில் அண்ணாந்து பார்த்தபடி நின்ற ஓர் இலிகிதரை நினைக்கும்போது அந்த நியாயம் எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை. "தொப்பியைத் தந்திட்டாங்கள்" என்று அதற்காக ஊருக்கு வராமல் நின்றவர். துளைகளின் பொருளை அவர் அறிந்திருந்தாரா? அறிந்திருந்தால், ஆச்சிக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

துளைகளை அடைத்து, மண்ணிற வர்ணம் பூசினால் அது ஒரு படைவீரனின் தொப்பியாகிவிடும், அப்படிச் செய்து கூடிய விலைக்கு விற்பவர்களைத் தனக்குத் தெரியும் என்றார் மைத்துனர். தாம் அப்படிச் செய்பவர் அல்லர். "துளையோடை எனக்குத் தாருங்கோ. ஏ.ஆர்.பி. தொப்பி என்னிடம் ஒன்றும் இல்லை," என்று கேட்டார். அவருடைய தட்டில் அது பத்திரமாக இருக்கும்; எங்கள் வீட்டு ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். இது எனக்குத் தெரியும். ஆயினும் மனம் வரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய சில மாதங்களில் ஒரு சிறு பொதி அனுப்பினார். உள்ளே ஒரு திருகாணி. அக்காலத்துத் தொப்பியொன்றின் உச்சியில் உள்ளுறையைப் பூட்டிய அசல் திருகாணி. எங்களுடையது எப்போதோ தொலைந்துவிட்டது.

ஆச்சி 1999 இல் காலமானார். அவருடைய பொட்டலம் என் அலுமாரியில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் வைத்துக்கொண்டு அதைப் பிரித்தேன். கறுத்த மெழுகுசீலைப் பட்டி, உச்சியில் சிலுவை வடிவான ஒரு றப்பர் மெத்தை, இரண்டு பக்கமும் சுருள்வில் வைத்த நாடிப்பட்டி. பட்டியின் உட்புறத்தில், நெற்றி படும் இடத்தில், நல்லெண்ணெய்க் கறை. அப்பு சனிக்கிழமைகளில் எண்ணெய் முழுகுபவர் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். கறைக்கு அருகே அளவு பொறிக்கப்பட்டிருந்தது: ஆறே முக்கால்.

திருகாணியை முடுக்கிவிட்டு மகள் அதை என் தலையில் வைத்தாள். இறங்கவில்லை. நெற்றிக்கு மேலேயே நின்றுவிட்டது. அப்புவை நான் எப்போதும் ஒரு பெரிய மனிதராகவே நினைத்திருந்தேன். அவருடைய தலை என்னுடையதைவிடச் சிறியது. மகள் வாங்கித் தன் தலையில் வைத்தாள். அவளுக்குச் சரியாக இருந்தது. அப்படியே எழுந்து, கிணற்றடியில் நின்ற தாயிடம் காட்டுவதற்கு ஓடினாள்.